ஐந்திலிருந்து மூன்றுக்கு

முதல் தாளில் எல்லாவற்றுக்கும் ஐந்தை வட்டமிட்டேன்.
மட்டக்களப்பில், வாவியைப் பார்த்த மண்டபத்தில்,
பக்கத்துக் கதிரையில் பழுகாமத்து ஜெயரஞ்சினி மிஸி;
அவவும் ஐந்துதான்.
பெயர் எழுதத் தேவையில்லை என்றார்கள்.
பதினொரு வருடம் படுவான்கரையில் ஊசி பிடித்தவள்
பெயரில்லாமலும் எப்படி ஒன்று போடுவாள்?

நாளம் குத்துதல்: ஐந்து.
ஈசிஜி எடுத்தல், வாசித்தல்: ஐந்து.
எங்கள் மெசின் துணிக்குள் தூங்குகிறது,
அதன் தாள் முடிந்து இரண்டு வெள்ளாமை வெட்டியாயிற்று.
பாம்புக்கடிக்கு இருபது நிமிட இரத்தப் பரிசோதனை:
ஐந்து.
அந்த வட்டத்தைக் கொஞ்சம் அழுத்திப் போட்டேன்.

போன மாரியில் நல்லரெத்தினம் வந்தார்,
வரம்பிலிருந்து நேரே, சேறு காயாத காலோடு.
கணுக்காலில் இரண்டு புள்ளி. புடையன் என்றார்.
குழாயில் இரத்தம் எடுத்து வைத்து
பன்னிரண்டாம் நிமிடம் சாய்த்தேன்.
ஓடியது.
இருபது என்று தலைக்குத் தெரியும்,
கை பொறுக்கவில்லை.
டொக்டர் போனில் கேட்டார்: "என்ன பார்த்தீங்க?"
"ஓடுது சேர்."
அந்த இரண்டு சொல்லில் அனுப்பச் சொன்னார்.

குருமண்வெளிப் பாதை நின்றுவிட்ட நேரம்.
அம்புலன்ஸ் ஒரு பிள்ளைப்பேற்றோடு போயிருந்தது.
வெல்லாவெளி சுற்றி, பட்டிருப்புப் பாலம் ஏறி,
களுவாஞ்சிகுடிக்கு வேன்.
வேன்காசுக்கு அவர் மனைவி கழற்றியது
காதிலிருந்தா கழுத்திலிருந்தா,
நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் துண்டோடு வந்தார்.
இரத்தம் உறைந்தது, விஷம் ஏறவில்லை.
"ஒண்டுமில்லையாம் மிஸி" என்று சிரித்தார்,
என் முகத்துக்காக.
அதற்குப் பிறகு
இருமிக்கொண்டு வந்தவர்களையும் அனுப்பினேன்.

பயிற்சியில் ஒரு பிளாஸ்டிக் கை தந்தார்கள்.
அதில் நாளம் ஓடி ஒளிவதில்லை.
அதற்குப் பின்னால் நின்று யாரும் அழுவதில்லை.
டொக்டர் ஹிஷாமா, என்னைவிடப் பத்து வயது இளையவர்,
குழாயை மேசையில் நிறுத்தி மணி பார்த்தார்.
"இப்ப என்ன செய்யலாம்?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
"ஒண்டும் செய்யக் கூடாது. அதுதான் கஷ்டம்."
பிறகு, போகிற போக்கில்:
"சோப்பால் கழுவின குழாயா? எறிஞ்சிருங்க.
அதில இரத்தம் உறையாது."

நான் என் பதினொரு வருடத்துக் குழாய்களை
எண்ணத் தொடங்கினேன்.
தேநீர் வந்தது. குடிக்கவில்லை.

தை முடிய, ஒரு இரவு, புவனமலர்.
எருமை தேடிப் போன இடத்தில் கடி.
"செத்திருவனா மிஸி?"
"இருபது நிமிஷம் இரிங்க" என்றேன்.
என்ன பதில் அது.

புதிய குழாய். உறை கிழிந்த சத்தம்.
வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்தேன்.
இமை தொங்குகிறதா, பார்த்தேன்.
பெயர் கேட்டேன், பிள்ளைகளின் பெயர் கேட்டேன்,
எருமைக்குப் பெயருண்டா என்று கேட்டேன்.
உண்டு.
பன்னிரண்டாம் நிமிடம் வந்தது,
என்னைத் தெரிந்த ஆளைப் போல வாசலில் நின்றது,
போயிற்று.

இருபதில் சாய்த்தேன்.
தயிர்ச் சட்டியைச் சாய்த்தாற்போல்
அசையாமல் இருந்தது.
"உறைஞ்சிருக்கு சேர்."
"நிச்சயமா?"
"ஓம். இஞ்சயே வச்சிருப்பம். திரும்பவும் பார்க்கிறன்."
அந்தக் குரல் என்னுடையதா என்று
போனை வைத்தபிறகும் நின்றேன்.

விடியும்வரை இன்னும் மூன்று குழாய்,
மூன்று இருபது நிமிடம்.
ஒவ்வொரு தடவையும் பயந்தேன்.
முதல் பாதையின் இரைச்சல் கேட்டபோது
அவள் தூங்கிப்போயிருந்தாள்.
எனக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது.

நேற்று இரண்டாவது தாள் வந்தது.
அதே கேள்விகள், அதே கட்டங்கள்.
இரத்தப் பரிசோதனைக்கு மூன்றைச் சுற்றினேன்.
நாளம் நான்கு. ஈசிஜி ஒன்று.
தாள் வாங்க வந்த தம்பி தலையைச் சொறிந்தார்:
"குறைஞ்சிருக்கே மிஸி, மாறிப் போட்டிட்டீங்களோ?
அறிக்கையில பயிற்சி சரிவரல்ல எண்டு வருமே."
"முந்தினதுதான் பிழை, தம்பி" என்றேன்.

அப்படியே, ஈசிஜித் தாள் எப்போது வரும்
என்றும் கேட்டேன்.
அவர் பேனாவைத் திறந்தார்,
எழுத இடம் தேடினார்,
அதற்குக் கட்டமில்லை,
மூடிவிட்டார்.